வெள்ளத்தில் இட்ட கொடுவேலி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் ராஜம் மேடம் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நான் நிறுத்தியதாகச் சரித்திரமே இல்லை. ஆகவே யாருக்காவது சாயா குடிக்க வேண்டுமென்றால் இப்போதே குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

உங்கள் பரிசோதனை அறையைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கிறீர்கள். ஒரு பூஞ்சையின் படத்துக்குக் கீழே ‘வெர்சிகலர்’ என்று எழுதியிருந்தது. என்ன அர்த்தம் என்று உங்களில் ஒரு பெண்ணைக் கேட்டேன். “பல நிறம்னு அர்த்தம், மேடம்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேரளத்து மட்டாஞ்சேரியில் எங்கள் ஷெட்டில் லத்தீன் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் நாங்களும் இதையேதான் செய்துகொண்டிருந்தோம். கண்ணில் பட்டதையெல்லாம் நிறத்தை வைத்தே கூப்பிட்டோம்.

மருந்துச் சரக்கு மொத்த வியாபாரம். வேர், பட்டை, காய், கிழங்கு எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். முன்பக்கம் பஜார், பின்பக்கம் காயல். நடுவில் தகரக்கூரை போட்ட நீள ஷெட். அதில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். சுக்கும் வசம்பும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாசனை என் புடவையில் ஏறி, துவைத்தாலும் போகாது. அப்போது அதைத் திட்டாத நாள் இல்லை. இப்போது அது எங்கேயாவது மூக்கில் பட்டால் கண் கலங்குகிறது. வயதானால் மூக்கும் கண்ணும் கூட்டுச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் பெண்களில் பாதிப்பேர் மலையாளம், பாதிப்பேர் தமிழ். ஒரே செடிக்கு இரண்டு பெயர், இரண்டு செடிக்கு ஒரே பெயர். அடித்துக்கொள்ளாமல் வேலை நடக்க வேண்டுமென்றால் நிறந்தான் வழி. மஞ்சள் மூட்டையில் பூத்த பூஞ்சைக்குப் பச்சைக்காரி, கறுப்பி என்று பெயர். வடக்கேயிருந்து டப்பாவில் உலர்ந்து வரும் தம்பலப்பூச்சிக்குச் செம்பட்டு. பூச்சியைக் கையில் எடுக்கக் கூச்சப்படுகிற பெண்கூட, செம்பட்டு என்றால் எடுத்துவிடுவாள். பெயருக்கு அவ்வளவு சக்தி உண்டு.

நிறம் வெறும் அழகுக்கு இல்லாமல் உயிர் விஷயமாக இருந்தது ஒரு சரக்கில். அதுதான் கொடிவேலி. சித்திரமூலம் என்றும் சொல்வார்கள். சித்திரம் என்றால் பல நிறம் என்றும் பொருள் உண்டு, உங்கள் லத்தீன் மாதிரியே. வெள்ளையாகப் பூக்கிற ஒன்று, சிவப்பாகப் பூக்கிற ஒன்று, நீலமாகப் பூக்கிற ஒன்று. நீலம் தோட்டத்து அலங்காரம், எங்களிடம் வராது. மற்ற இரண்டும் வரும். பூ இருக்கும்போது யாரும் பிரித்துச் சொல்லிவிடலாம். வேரை வெட்டி உலர்த்திவிட்டால் இரண்டும் ஒரே பழுப்புக் குச்சி.

இரண்டுமே பட்டால் கை பொத்துக் கொப்புளித்துப்போகிற சரக்கு. சிவப்பு இன்னும் கொடியது. அதைச் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறப் போட்டு, தண்ணீர் சிவக்கச் சிவக்க இறுத்து இறுத்துப் புதுசு ஊற்றினால்தான் விஷம் அடங்கும். உள்ளே போனால் கருவைக் கலைத்துவிடும் என்பது எல்லா வைத்தியர்களுக்கும் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் சும்மா கொடிவேலி என்றால் வெள்ளை. கேரளத்தில் சும்மா கொடுவேலி என்றால் சிவப்பு. அதனால் எங்கள் ஷெட்டில் நிறம் சொல்லாமல் அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது. நாளடைவில் பெயர் போய் நிறம் மட்டும் நின்றது. சிவப்பு என்றால் சிவப்புக் கொடுவேலி, அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது, நான் பொறுப்புக்கு வரும்போதே இருந்தது. காலையில் பாய் விரிப்பதற்கு முன் பொறுப்பில் இருப்பவர், “யாருக்காவது சிவப்பு வேண்டாமா?” என்று கேட்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவள், “எனக்குச் சிவப்பு வேண்டாம்” என்பாள். ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம். அவளை வேறு பாயில் உட்கார வைப்போம். புருஷனுக்கே சொல்லாத சேதியை எத்தனையோ பெண்கள் முதலில் அந்த ஷெட்டில் இப்படித்தான் சொன்னார்கள். அன்று பூராவும் அவளுக்கு ஒருத்தி தண்ணீர் கொண்டுவருவாள், ஒருத்தி அவள் மூட்டையைத் தூக்குவாள். வாயைத் திறந்து ஒரு வாழ்த்துக்கூடச் சொல்ல மாட்டார்கள். என் வேலைக்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் எது என்று கேட்டால், அந்த ‘சிவப்பு வேண்டாம்’தான்.

சிவப்பு வேண்டாம் என்றவளை வெள்ளைக் கொடிவேலியில் உட்கார வைப்பதும் அன்றைய வழக்கம். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எடுப்பார்கள். இன்றைக்கு நான் அதையும் அனுமதிக்க மாட்டேன். நீங்களும் அனுமதிக்காதீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். பேச்சியம்மாள் என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், எங்களிடம் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புருஷன் முருகன் படகுத்துறையில் மூட்டை தூக்கினான். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கரு தங்கவில்லை. அதை அவளே ஒருநாள் வேலைக்கு நடுவில், சரக்கு நயம் இல்லை என்று சொல்வது போலச் சாதாரணமாக என்னிடம் சொல்லியிருந்தாள். அன்று காலை நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பேச்சி தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குச் செவப்பு வேண்டாம்க்கா” என்றாள். ஷெட் முழுவதும் ஒரு நிமிஷம் கையெல்லாம் நின்று, பிறகு ஓடத் தொடங்கியது.

அப்போது ரோசிச் சேச்சி அங்கே இல்லை. வைப்பின் தீவிலிருந்து படகில் வருபவர். மழையில் படகு தாமதம். ரோசி எங்கள் ஷெட்டில் மூத்த கை. சிவப்பை ஊறப்போட்டு இறுத்தெடுக்கிற தொட்டி முழுக்க அவர் பொறுப்பு. பேச்சி காலையில் சொன்னது அவருக்குத் தெரியாது. அவர் வந்த நேரத்தில் என்னை முன்பக்கம் சரக்கு இறக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு நடந்ததை நான் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். தொட்டிக்கு மேலே கூரை ஒழுகியது. சரக்கை அடுத்த தொட்டிக்கு மாற்ற ரோசி ஆள் தேடினார். பக்கத்தில் பேச்சி இருந்தாள். தகரத்தின்மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பேச்சி ஜாக்கிரதையாகத்தான் கேட்டிருக்கிறாள்.

“அக்கா, இது வெள்ளையா?”

ரோசி காதில் விழுந்தது ‘வெள்ளத்துலயா’ என்று. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தண்ணீரில் ஊறுகிறதா என்று கேட்கிறாள் என்று நினைத்தார்.

“ஆ, வெள்ளத்தில் இட்டதாணு.”

பேச்சிக்குத் தண்ணீர் என்றால் தண்ணி. வெள்ளம் என்றால் தாமிரபரணி கரை புரண்டு வருவது. அது தொட்டிக்குள் ஏன் வரப் போகிறது? வெள்ளைதான் என்று சேச்சி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அது கடைசி ஊறல். தண்ணீரும் அனேகமாகத் தெளிந்துவிட்டது, சிவப்பு என்று காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை. எண்ணெய் தடவிய கையை நம்பி, சிரட்டைக் கரண்டிகூட எடுக்காமல் இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மாற்றினாள். முற்பகல் முழுக்க அந்த வேலைதான்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் நான் ஷெட்டுக்குத் திரும்பினேன். பேச்சி இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்து, “அய்யோ, சுவப்பாணல்லோ” என்றாள். அவ்வளவுதான். பேச்சி என்னைப் பார்த்தாள், தன் வயிற்றைப் பார்த்தாள், அங்கேயே வாந்தி எடுத்தாள்.

வாந்தியில் கப்பை, அதான் மரவள்ளிக் கிழங்கு, இருந்தது.

கை பொத்துப்போனால் ஆறும். அந்தக் கையாலேயே சாப்பிட்டிருந்தால்?

“பேச்சி, சாப்பிட்டியா நீ?”

“ஒண்ணும் சாப்பிடலக்கா.”

“இது என்னடி அப்போ?”

“சாப்பிடலக்கா” என்றாள் மறுபடியும். “வெள்ளைன்னுதானே சொன்னாங்க” என்றவள் உதட்டை இறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அடுத்த சந்தில் ஒரு டாக்டரம்மா சின்ன மருத்துவமனை வைத்திருந்தார். ஆள் அனுப்பியதும் குடையோடு வந்துவிட்டார். கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவச் சொன்னார். சாக்கைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் அழைத்துப்போய்ப் பரிசோதித்தார். வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். லேசாகப் பட்டிருக்கிறது. அதாவது இரத்தம். பயத்தாலும் இருக்கலாம், அசையாமல் படுத்தால் நின்றுவிடலாம். ஆனால் அந்த வேர் வாய்வழி உள்ளே போயிருந்தால் உடனே எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். மழையில் படகும் நின்றுவிட்டது. பாலங்களைச் சுற்றிக்கொண்டு, அந்த மழையில், அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டோவில் போக வேண்டும்.

“கொண்டுபோனா அந்தக் குலுக்கலே கெடுத்துடலாம். கொண்டுபோகாம இருந்து, உள்ளே போயிருந்தா, அம்மாவுக்கே ஆபத்து. சாப்பிட்டாளா, எந்தக் கையால சாப்பிட்டா, அது எனக்குத் தெரியணும்” என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தேவைப்பட்டது ஒரே ஒரு சின்னப் பதில். அந்த ஷெட்டில் இருந்த யாருக்கோ அது தெரியும். சரியாக அந்த நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார். கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். பயந்த முதலாளி கேட்கிற முதல் கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

“ஆரா இவளோடு வெள்ளைன்னு பறஞ்ஞது?”

அந்தக் கேள்வி விழுந்ததும் ஷெட் ஊமையாகிவிட்டது. அதற்கு முன் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முருகனும் படகுத்துறையிலிருந்து ஓடிவந்து, நனைந்த சாக்கைத் தலையில் போட்டபடி நின்று, “யாரு சொன்னது, யாரு சொன்னது” என்று அதையே பிடித்துக்கொண்டான். ரோசி தொட்டிக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவரிடம் ஏதோ இருக்கிறது. யார் என்ற கேள்வி அங்கே இருக்கிறவரை அது வெளியே வராது.

எனக்குப் பெரிய யோசனை ஒன்றும் ஓடவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நான்தான் சொன்னேன். போறுமா? என்னை அப்பறம் திட்டிக்கலாம். முருகா, நீ போய் எங்கேயாவது ஆட்டோ கெடைக்கறதா பாரு, கெடைச்சா வாசல்லே நிறுத்தி வை. முதலாளி, நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்கோ.”

இரண்டு பேரும் வெளியே போனார்கள். முதலாளி போகிறபோது பார்த்த பார்வையில் என் வேலை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஆம்பிளைகள் போனதும் நான் ரோசியின் முன்னால் போய் நின்றேன்.

“சேச்சி, யாரு என்ன சொன்னான்னு எனக்கு வேண்டாம். இவ சாப்பிட்டாளா?”

ரோசி பேச்சியைப் பார்த்தார். பேச்சி அழுகைக்கு நடுவில் வேண்டாம் என்று தலையாட்டினாள். ரோசிக்கும் அழுகை வந்துவிட்டது.

“கழிச்சு. என்றெ கப்பையும் மீனும்.” சாப்பிட்டிருக்கிறாள்.

“எந்தக் கையால?”

“அவளோடெ கை தொட்டிட்டேயில்ல, ராஜம். ரெண்டு கையும் நனஞ்ஞிருந்நு. ஞானாணு வாரிக் கொடுத்தது. என்றெ கையால. ஞான் கழுகிட்டாணு கொடுத்தது.”

அவளுடைய கை வாயைத் தொடவே இல்லை. ரோசி தன் கையைக் கழுவிக்கொண்டு வாரி ஊட்டிவிட்டிருக்கிறார். அவர் தொட்டியில் கையே விட மாட்டார், எப்போதும் சிரட்டைக் கரண்டிதான். அதுவும் எனக்குத் தெரியும்.

“நெஜமாடி?” என்று பேச்சியைக் கேட்டேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். இந்தக் குழந்தை தங்கினால் பிறக்கிறவரை மீன் தொட மாட்டேன் என்று ஊர் அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். புருஷனும் மாமியாரும் சாட்சி. ரோசி தூக்குப் பாத்திரத்தைத் திறந்ததும் அந்தக் குடம்புளி மீன் வாசனை அவளை இழுத்துவிட்டது. கர்ப்பிணி நாக்கு, அது யாருக்கு அடங்கும்? யாரிடமும் சொல்லக் கூடாது என்று ரோசியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஆ காட்டியிருக்கிறாள். “மீனத் தின்னேன், அம்மன் கேட்டுட்டா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

டாக்டரம்மா குனிந்து பேச்சியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். “எங்கேயும் கொண்டுபோக வேண்டாம். இங்கேயே படுக்க வையுங்க” என்றார். ரோசி தன் சட்டைக்குமேல் போட்டிருந்த மேல்முண்டை அவிழ்த்துப் பாயில் விரித்தார். முருகன் எங்கேயோ அலைந்து ஆட்டோ கொண்டுவந்தபோது, அது டாக்டரம்மாவை அவர் வீட்டில் விடத்தான் உதவியது. மீனைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை. இதுவரை சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

மறுநாள் இரத்தம் நின்றுவிட்டது. கைகள் ஆறத்தான் நாளாயிற்று.

அன்றைக்கு ரோசியின் வாயில் அடைபட்டுக் கிடந்தது குற்றம் இல்லை. அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே நல்ல சேதி அதுதான். யார் என்று கேட்டுக்கொண்டே இருந்திருந்தால், அந்த நல்ல சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டே ஒருத்தி நின்றிருப்பாள். இன்னொருத்தியை நாம் ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போயிருப்போம். உங்கள் அறையில் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். யார் என்பது எங்கேயும் ஓடிப்போகாது. அதை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.

நாங்களும் மறுநாள் கேட்டுக்கொண்டோம். முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வெள்ளையும் வெள்ளமும் மோதிக்கொண்ட கதையைக் கேட்டு அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, ஒழுகுகிற தகரத்தை மாற்ற ஆள் கூப்பிட்டார். என் வேலையும் பிழைத்தது. அதன்பின் காலைக் கேள்வியை எல்லோரும் வந்த பிறகே கேட்டேன், தாமதமாக வருபவரிடம் தனியாகச் சொன்னேன். வெள்ளம் என்ற சொல்லையே ஷெட்டுக்குள் தடை செய்தோம். தண்ணி என்றுதான் சொல்ல வேண்டும். ரோசி ரொம்பச் சிரத்தையாகப் பழகிக்கொண்டார். வீட்டிலும் அதுவே வாயில் வந்துவிட்டது. மலையாளத்தில் தண்ணி என்றால் வேறு தண்ணி. ஒருநாள் வேலை விட்டுப் போன களைப்பில், “கொறச்சு தண்ணி தா” என்று கேட்டிருக்கிறார். அவர் புருஷன் சந்தோஷத்தோடு கள்ளுக்கடைக்குக் கிளம்பிவிட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லி அந்த ஷெட் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்கள் சுவரில் சிவப்புக் கொடுவேலியின் படமும் இருக்கிறது. கீழே லத்தீன் பெயரில் ‘ரோசியா’ என்று போட்டிருக்கிறீர்கள். ரோஜாச் சிவப்புக்குச் சொல்கிற சொல் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நான் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ரோசி போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உங்களுக்கு அது செடியின் பெயர்.

பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சோறு ஊட்டுகிற பருவம் வந்ததும் கோயிலுக்குப் போகலாம் என்றான் முருகன். பேச்சி, முதலில் ஷெட்டுக்குப் போய்விட்டுத்தான் கோயில் என்றுவிட்டாள். ஒரு மத்தியானம் வந்தார்கள். பாய்களையெல்லாம் ஓரமாகச் சுருட்டி இடம் பண்ணினோம். பேச்சி ஒரு கிண்ணத்தில் நெய் விட்டுப் பிசைந்த சோறு கொண்டுவந்திருந்தாள். கிண்ணத்தை என்னிடம் தருவாள் என்று நினைத்து, நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். பொறுப்பில் இருப்பவள் இல்லையா, அந்த கர்வம். அவள் என்னைத் தாண்டிப் போய் ரோசியிடம் நீட்டினாள்.

ரோசி கிண்ணத்தை வாங்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். சோப்பைத் தேய்த்து, நகக்கண் ஒவ்வொன்றாக, மூன்றாவது முறையும் கழுவ ஆரம்பித்தார். குழந்தை பசியில் சிணுங்கியது.

பேச்சிதான் போய் அந்தக் குழாயை மூடினாள்.

“போதும்க்கா. வாரிக் குடுங்க.”